பென்ஸ் வேகனின் பின்பக்கம் இறங்கினால்: வீட்டில் திருத்துவதா, கொழும்புக்கு அனுப்புவதா, சாதாரண ஸ்பிரிங்குக்கு மாற்றுவதா?

போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். "பின்பக்கம் கிடந்து குதிக்குது மச்சான், கராஜில அந்த ஹைட்ரோலிக் சாமான் எல்லாத்தையும் கழட்டி வீசிப்போட்டு சாதாரண சொக் போடச் சொல்றாங்க, போடட்டோ?" என்று கேட்டான். ஒரு கிழமை பொறு, நான் வந்து பார்க்கிறேன், மறுகா முடிவெடு என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு போனேன். அன்று அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இந்த வேகன் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் எல்லோரும் ஒரு நாள் இதே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் இருக்கிற பழசை ஒழுங்காக வைத்திருப்பதுதான் வழி.

அவனிடம் இருப்பது பென்ஸின் 124 வரிசை வேகன், என்னிடம் அப்பா வாங்கிய அதற்கு முந்திய 123 வரிசை, அதில் 240டிடி என்ற டீசல் வேகன். 1978இல் வந்த 123 வேகனிலும் அதற்குப் பின் 1985இல் வந்த 124 வேகனிலும் பின்பக்கத்துக்கு ஒரே தத்துவம்தான். சாதாரணச் சுருள் ஸ்பிரிங் இரண்டு இருக்கிறது, அவை வெறும் வாகனத்தின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்கும். ஆட்டத்தை அடக்கும் சாதாரண சொக் இருக்க வேண்டிய இடத்தில் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சொக் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தேங்காய் அளவில் இரும்புக் கோளம், அதற்குள் ஒரு ரப்பர்த் தோல், தோலுக்கு ஒரு பக்கம் ஒயில், மறுபக்கம் அடைத்துவைத்த நைதரசன். என்ஜினில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று ஒயிலைத் தள்ளும். பின் அச்சுக்கு மேலே ஒரு லெவல் வால்வு, அதிலிருந்து ஒரு சின்ன இணைப்புக் கம்பி, வாகனம் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்குப் போகும். பின்னால் நெல் மூட்டை ஏற்றினால் வாகனம் இறங்கும், இறங்கினால் அந்தக் கம்பி வால்வின் லீவரைத் திருப்பும், வால்வு திறந்து ஒயில் சொக்குக்குள் போகும், வாகனம் பழைய உயரத்துக்கு வந்து நிற்கும். மூட்டையை இறக்கினால் ஒயில் திரும்பி அதற்கென்று உள்ள ஒயில் டாங்கிக்கு வரும். மின்சாரமும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. வீட்டில் திருத்தலாம் என்று நான் துணிந்து சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒயிலில் நிற்கும் சிட்ரோவன் என்ற பிரெஞ்சுக் காரைப் பற்றி யாராவது சொன்னதைக் கேட்டுவிட்டுப் பயப்பட வேண்டாம். அந்தத் தத்துவத்தை போல் மாஜேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கி, 1955இல் டிஎஸ் காரில் நான்கு சக்கரத்துக்கும் போட்டார்கள், 2017இல் சி5 என்ற மாடலின் உற்பத்தி நிற்கும்வரை அது தொடர்ந்தது. அதில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முழு வாகனமும் ஒயிலிலும் காற்றிலும்தான் நிற்கும், அழுத்தம் போனால் வயிறு தரையில் படும் அளவுக்கு இறங்கிவிடும். பென்ஸ் வேகனில் ஸ்பிரிங் இருப்பதால் அப்படி விழாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் பழுதை வருடக்கணக்கில் கவனிக்காமலே ஓட்டுகிறார்கள், அதனால்தான் கடைசியில் செலவும் கூடுகிறது.

எந்த வழி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி, எது பழுது என்பதுதான். கோளம் போனதும், சொக் ஒழுகுவதும், வால்வு பிடிக்காததும், பம்ப் தள்ளாததும் நான்கு வேறு நோய்கள். கராஜ்களில் நான்குக்கும் ஒரே பேர்தான், "ஹைட்ரோலிக் போயிட்டு". பேர் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது, எல்லாவற்றையும் கழற்றி வீசுவது.

கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. வாகனம் சரியான உயரத்தில் நிற்கிறது, ஆனால் சின்னக் குழியில் விழுந்தாலும் முதுகெலும்பில் அடிக்கிறது, பின் பம்பரில் ஏறி நின்று அமுக்கினாலும் பலகை மாதிரி அசையாமல் நிற்கிறது என்றால் கோளத்தில் நைதரசன் இல்லை. ஒயிலை அமுக்க முடியாது, அமுங்க வேண்டியது காற்றுத்தான், அது போய்விட்டால் சொக் ஒரு இரும்புக் கட்டையாகிவிடும், பின்பக்கம் ரயரின் மேல்தான் குதிக்கும். பின்பக்கம் குதிக்கிறது என்று மச்சான் சொன்னபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. சொக்கின் கீழ் ரப்பர் உறையைப் பிதுக்கிப் பார்க்கும்போது உள்ளே ஒயில் தேங்கியிருந்தால் சொக்கின் சீல் போய்விட்டது. பின்னால் மூன்று பேரை ஏற்றி என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கொஞ்சம் கூடுதலாக ரேஸ் பண்ணியும் வாகனம் எழும்பவே இல்லை என்றால், முதலில் டாங்கியில் ஒயில் இருக்கிறதா, பிறகு அந்த இணைப்புக் கம்பி உடைந்து தொங்குகிறதா, பிறகு டாங்கிக்குள் உள்ள பில்டர் அடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், இவ்வளவும் சரி என்றால் மட்டும்தான் பம்ப்பில் கை வைக்கலாம். எழும்புகிறது, ஆனால் பாரத்தோடு நிறுத்திவைத்தால் விடியும்போது இறங்கி நிற்கிறது, வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை என்றால் வால்வு உள்ளுக்குள்ளே விடுகிறது. வால்வின் லீவர் புறப்படும் இடத்தில் ஈரமாக இருந்தால் அங்கே உள்ள சின்ன ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், காய்ந்துவிட்டது.

ஒரு பழுது ஆளை ஏமாற்றும். டாங்கியில் ஒயில் குறைந்துகொண்டே போகும், வாகனத்துக்குக் கீழே ஒரு சொட்டும் இருக்காது. இந்தப் பம்ப்பை என்ஜினின் கேம் தண்டுதான் ஓட்டுகிறது, அதன் தண்டுச் சீல் போனால் ஹைட்ரோலிக் ஒயில் நேரே என்ஜினுக்குள் போய்விடும். என்ஜின் ஒயில் அளவுக் கம்பியில் மட்டம் காரணமில்லாமல் ஏறுகிறது என்றால் அங்கே பாருங்கள்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

வீட்டில் திருத்துவது. கோளம், வால்வின் ஓ-ரிங், இணைப்புக் கம்பி, பில்டர், ஒயில் மாற்றம், இவ்வளவும் சீமெந்துத் தரையும் நல்ல ஸ்டாண்ட் இரண்டும் உள்ள எவரும் செய்யக்கூடியவை. எனக்கு இரண்டு கோளம் மாற்ற இரண்டு நாள் போனது, அதில் ஒன்றரை நாள் துரு. நான் இருப்பது கல்லடியில், கடல் காற்று எந்த நேரமும் படும் இடம், குழாய் நட்டு எல்லாம் பிடித்துக் கிடந்தது. அதனால் நான்கைந்து நாளுக்கு முன்பே துரு கழற்றும் ஒயிலைக் காலையும் மாலையும் அடித்து ஊற விடுங்கள். சாதாரண ஸ்பானர் போட்டால் நட்டின் மூலை வழுக்கிப் போகும், பிரேக் குழாய் நட்டுக்கென்று வாய் வெட்டிய ரிங் ஸ்பானர் இருக்கிறது, அதை இரவலாவது வாங்குங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகினால் நிறுத்துங்கள், அந்தக் குழாயைப் புதிதாக அடிக்க வேண்டும், பிரேக் குழாய் செய்பவர்களிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள்.

கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். வால்வில் அதற்கென்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதில் ஒரு தெளிந்த குழாயைச் செருகி மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டு மெதுவாகத் திறந்தால் ஒயில் வந்து அடங்கும். இதைச் செய்யும்போது வாகனத்தின் பின்பக்கம் இறங்கும், ஆகவே ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. எங்கேயாவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது, அழுத்தத்தில் ஊசிபோல் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே பழுதாகும், அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கழற்றிய பழைய கோளத்துக்குள் இன்னும் காற்று இருக்கலாம், அதை வெல்டிங் கடையில் கொடுத்து வெட்டுவது, துளை போடுவது, நெருப்புக்குக் கிட்ட வைப்பது எதுவும் வேண்டாம்.

புதுக் கோளத்தைப் பூட்டி, பில்டரையும் மாற்றி, முதலில் டாங்கியை நிரப்பிவிட்டுத்தான் என்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டும், பம்ப் வறண்டு ஓடக்கூடாது. வாகனத்தைத் தரையில் இறக்கி, பின்னால் ஆட்களை ஏற்றி, எழும்புவதைப் பார்த்து, இறக்கி, திரும்ப ஏற்றி, இரண்டு மூன்று தரம் செய்தால் உள்ளே இருந்த காற்று தானாகவே டாங்கிக்கு வந்துவிடும். பிறகு வெறும் வாகனத்தில் மட்டம் பாருங்கள், பாரத்தோடு பார்த்தால் ஒயில் சொக்குக்குள் இருக்கும், டாங்கி குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் பாரம் இறக்கும்போது வழியும்.

ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்குப் பட்ட காயம். பல வருடத்துக்கு முன்பு ஒரு கராஜில் சர்வீசுக்கு விட்டபோது, டாங்கி குறைந்திருக்கிறது என்று நல்ல மனதோடு பிரேக் ஒயிலை ஊற்றிவிட்டார்கள். இந்த அமைப்பின் ரப்பர் எல்லாம் கனிம ஒயிலுக்குச் செய்தவை, பிரேக் ஒயில் வேறு இனம், பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். ஆறு மாதத்துக்குள் வால்வும் ஒரு சொக்கும் ஒழுகின. பென்ஸின் 343.0 என்ற தர எண் போட்ட ஹைட்ரோலிக் ஒயில் மட்டும்தான் இதற்கு. கியர் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் என்று கைக்கு வந்ததை ஊற்ற வேண்டாம். நான் டாங்கி மூடியில் பெயின்ரால் எழுதியே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி கொழும்பு. இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், அந்த நிலைமையில் உள்ள வாகனத்தை ஓட்டிக்கொண்டு போவதே ஒரு தண்டனை. ஆனால் சொக் இரண்டும் போய்விட்டது, பம்ப்பும் என்ஜினுக்குள் விடுகிறது என்றால், இந்த வாகனங்களை நாளும் பொழுதும் திருத்துகிற ஆட்களிடம் போவது நியாயமான முடிவு. சொக் மாற்றுவது வீட்டில் முடியாத வேலை இல்லை, மேல் பிடிப்பை வாகனத்தின் உட்பக்கத்திலிருந்து கழற்ற வேண்டும், அவ்வளவுதான். புதுச் சொக் ஒன்றின் விலை கோளம் ஒன்றின் விலையைப்போல் பல மடங்கு என்பதுதான் உண்மையான தடை, அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமானை முதல் தரமாகப் பூட்டிப் பழகுவதற்கு எல்லோருக்கும் மனம் வராது.

பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்கிப் பூட்டுவது கொழும்பு வழியின் மலிவான பங்கு. மலிவு என்று எல்லாவற்றையும் வாங்க முடியாது. லெவல் வால்வு வாங்கலாம், ஓ-ரிங் மாற்றினால் பல காலம் ஓடும். பம்ப்பும் வாங்கலாம், தண்டில் ஆட்டம் இல்லையென்றால். சொக் வாங்கும்போது தண்டின் பளபளப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் துரு தட்டுப்பட்டால் அது சீலை அறுத்துவிடும், வேண்டாம். பழைய கோளம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், பெயின்ற் அடித்துப் புதுசுபோல் வைத்திருந்தாலும்தான். அந்த ரப்பர்த் தோல் வழியாக நைதரசன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், வாகனத்தில் இருந்தாலும் கடை ராக்கையில் இருந்தாலும் ஒன்றுதான். "ரயர் கடையில நைதரசன் அடிக்கிறாங்கதானே, அதில அடிச்சா என்ன?" என்று மச்சான் கேட்டான். ரயருக்கு அடிப்பது முப்பது சொச்சம் பிஎஸ்ஐ. இப்படிப்பட்ட கோளங்களில் அடைத்திருக்கும் அழுத்தத்தை பார் என்ற பெரிய அளவில்தான் சொல்வார்கள், 30 பார் என்றாலே 435 பிஎஸ்ஐ. பென்ஸ் கோளத்தில் காற்றடிக்க வாயும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் கவனிக்க ஒன்று: கோளம் காற்று அடைத்த பொருள், விமானப் பொதியில் ஆபத்தான பொருட்களின் கணக்கில் வரும், சில விற்பனைக்காரர்கள் அனுப்பவே மாட்டார்கள். கப்பலில் வர மாதங்கள் ஆகும். முதலே கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள்.

மூன்றாவது, சாதாரண ஸ்பிரிங்குக்கும் சொக்குக்கும் மாற்றுவது. இதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் அது நல்ல வாகனம்தான். பிரச்சினை, எங்கள் பக்கம் செய்வது பாதி வேலை. ஹைட்ரோலிக் சொக்கைக் கழற்றிவிட்டுச் சாதாரண சொக்கைப் பூட்டுவார்கள், ஸ்பிரிங் பழையதே. அந்த ஸ்பிரிங் தனியாக முழுப் பாரத்தையும் தாங்கச் செய்ததல்ல, ஒரு பங்கை ஒயில் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. சொக் தூக்காது, அது ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். ஆக மூன்று மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் குந்திவிடும். பிறகு அதற்குப் பரிகாரமாகச் சுருளுக்கு நடுவே ரப்பர்க் கட்டை செருகுவார்கள், சுருளின் சில வளையங்கள் வேலை செய்யாமல் நின்று, மிச்ச வளையத்துக்குப் பாரம் கூடி, ஒரு நாள் ஸ்பிரிங் முறியும். மாற்றுவதென்றால் பலமான ஸ்பிரிங், அதற்கு ஏற்ற சொக், மேலும் கீழும் பிடிப்பு அளவு சரிபார்த்தல், அப்புறம் பம்ப்பைக் கழற்றி அந்த ஓட்டையைத் தகடு போட்டு மூடுவது, அல்லது பம்ப்பின் வெளிக் குழாயை நேரே டாங்கிக்குத் திருப்பி ஒயில் சும்மா சுற்றும்படி விடுவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் மாற்றம். குழாயை வெட்டி அடைத்துவிட்டுப் பம்ப்பை அப்படியே விட்டால், வறண்டு இறுகி, அது இணைந்திருக்கும் என்ஜினுக்கே சேதம் வரும்.

இவ்வளவையும் கூட்டினால் மாற்றும் செலவு இரண்டு கோளத்தின் விலையைவிடக் கூடும். கோளம் மட்டும் போன வாகனத்தில் இதைச் செய்வது காசுக்கும் நட்டம், வாகனத்துக்கும் நட்டம். சொக் இரண்டு, வால்வு, பம்ப் எல்லாமே போன வாகனத்தில், பின்னால் ஆளோ பாரமோ ஏற்றாமல் வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் ஓடுகிறவர் என்றால், மாற்றுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் எங்கள் வாழ்க்கை அப்படி இல்லையே. மச்சானுக்கு வயல் வெல்லாவெளிப் பக்கம். அறுவடைக் காலத்தில் அந்த வேகன் ஒரு சின்ன லொறி, மற்ற நாளில் தயிர்ச் சட்டியும் பிள்ளைகளும். படுவான்கரை வீதியில் இரவில் பாரத்தோடு வரும்போது பின்பக்கம் குந்தினால் முன் விளக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், எங்களுக்கு முன்னே இருக்கும் வீதி இருட்டாகிவிடும். யானை கடக்கும் வீதிகள் அவை. வீதியில் இருட்டுக்குள் இருட்டாக நிற்கும் யானையை ஐம்பது மீற்றரில் கண்டால்தான் நிறுத்தலாம். பாரம் ஏற்றினாலும் வாகனம் மட்டமாக நிற்க வேண்டும் என்று 1978இல் ஜெர்மனியில் யோசித்தவர்கள் யானையை நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்த யோசனை எங்களுக்குத்தான் கூடுதலாகப் பயன்படுகிறது. மட்டமாக நிற்கும் வாகனத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேறு மாதிரிப் பிடிக்கும், அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

லாண்ட்குரூஸர் 100இல் உயரம் மாற்றும் ஹைட்ரோலிக் அமைப்பு உள்ளவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும், கோளம் அங்கேயும் உண்டு, வாகனத்தைத் தாழ்வில் வைத்தும் உயரத்தில் வைத்தும் டாங்கி மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், வித்தியாசம் குறைந்துவிட்டால் கோளம் முடிந்தது. ஆனால் அது நான்கு சக்கரமும் கம்பியூட்டரும் சேர்ந்த வேலை, அழுத்தம் அளக்கும் கருவி இல்லாமல் வீட்டில் தொட வேண்டாம். சில கார்களில் சொக்குக்குள்ளேயே தானாக உயர்த்தும் பம்ப் இருக்கும், வெளியே குழாய் ஒன்றும் இராது, அது பழுதானால் திறந்து திருத்த முடியாது, அதே வகை புதுச் சொக் வாங்குங்கள் அல்லது ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள்.

மச்சானின் வேகனைப் பார்த்ததில் சொக் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. நான்கு பேர் பின்னால் ஏறியதும் இறங்கியது, என்ஜின் ஓட ஓட எழும்பியது. பம்பரில் அமுக்கினால் பலகை. ஆக இரண்டு கோளமும் போய்விட்டன, மற்ற எல்லாம் நல்லம். லீவரில் மட்டும் கொஞ்சம் ஈரம், அதற்கு ஓ-ரிங். கராஜ் சொன்னபடி கழற்றியிருந்தால் நல்ல சொக் இரண்டையும் நல்ல பம்ப்பையும் பழைய இரும்புக்குக் கொடுத்திருப்பான்.

புதுக் கோளம் இரண்டும் ஒயிலும் கொழும்பில் சொல்லியாகிவிட்டது, பஸ்ஸில் பொதி போட்டு அனுப்புவார்கள். மாரி தொடங்கி முற்றத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் வாகனத்துக்குக் கீழே படுக்க முடியாது, ஆகவே ஒக்டோபருக்குள் செய்ய வேண்டும். நட்டுகளுக்கு இன்றிலிருந்தே ஒயில் அடிக்கத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். வடியும் பழைய ஒயிலுக்கு வெற்று கேன் இரண்டு நான் கொண்டுபோகிறேன், அது வாவிக்குப் போகக்கூடாது.